சக்கர வீட்டின் கன்னி மூலை

வீட்டுக்கு வாஸ்து பார்ப்பார்கள், கடைக்குப் பார்ப்பார்கள், மாட்டுக் கொட்டகைக்குக்கூடப் பார்ப்பவர்கள் உண்டு. சக்கரம் வைத்த வீட்டுக்கு வாஸ்து பார்த்தவர்கள் விக்கிரவாண்டிப் பக்கத்திலேயே துரைக்கண்ணுவும் செண்பகமும் மட்டும்தான். கேள்விப்பட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். சொந்த வீடு கண்ணெதிரே மண்ணாகப் போவதைப் பார்த்தவர்கள் இல்லை அவர்கள்.

அந்த வீட்டை 1993-ல் கட்டினார்கள். துரைக்கண்ணு அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை ஓரமாகக் கொஞ்சம் மனை, பின்னால் இருக்க இரண்டு அறை, முன்னால் செண்பகத்தின் இட்லிக் கடை. கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தவர் மனை முழுக்கச் சுற்றிவிட்டுத் தென்மேற்கில் போய் நின்றார். கன்னி மூலை. செண்பகத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"கன்னி மூலையில பாரம்தாங்க இருக்கணும். அங்க பள்ளம் எடுத்தா வீடு தங்காதும்பாங்க. வேற பக்கம் பாருங்களேன்."

"தண்ணி அங்கதான இருக்குது? வாஸ்துவையா மொண்டு குடிப்ப?" என்றார் துரைக்கண்ணு. பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்ட நினைப்பு அவருக்கு.

கிணறு வெட்டினார். தண்ணீர் கல்கண்டாக இருந்தது. அந்தத் தண்ணீரில் ஆட்டிய மாவும் அந்தத் தண்ணீரில் போட்ட டீயும் பெயர் வாங்கின. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் குடத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பல வருஷம் கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரே மகள் தமிழ்ச்செல்வியை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். துரைக்கண்ணு லாரி வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, காய்கறியும் மல்லாட்டைக் கடலை மூட்டையும் ஏற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான்கு வழிச் சாலை வந்தது. கல் நட்டார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள், நஷ்டஈடு என்று ஏதோ கொடுத்தார்கள். ஒரு நாள் காலையில் மஞ்சள் இயந்திரம் வந்து நின்றது. அது முதலில் கை வைத்ததே கிணற்றடிச் சுவரில்தான். மத்தியானத்துக்குள் கிணறு தூர்ந்து, வீடு தரைமட்டமாகிவிட்டது. செண்பகம் எதிர்ச்சாரியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் துரைக்கண்ணு பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு ஆறியிருப்பார். அவள் சொல்லாமல் விட்டதுதான் அவரைத் தின்றது.

வாடகை வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஏதாவது வண்டி உறுமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இரும்பை ஊருப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரு வண்டியிலயே வீடு கட்டிக்கினு இருந்தாருன்னு சொல்லுவீங்களே. கார்ல மாட்டி இழுத்துக்கினு போவாருன்னு."

"ஆமா. சின்ன வீடு. உள்ளயே கட்டிலு, அடுப்பு எல்லாம் இருக்கும்."

"அந்த மாதிரி ஒண்ணு பண்ணமுடியாதா? எவனாச்சும் இடிக்க வந்தா இழுத்துக்கினு போயிடலாம்ல. பாதி கடை, பாதி வீடு. எனக்கு அது போதும்."

சிரிக்க வேண்டிய பேச்சு. அவர் சிரிக்கவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அவள் ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அது.

திண்டிவனத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான் அடைக்கலராஜ். துரைக்கண்ணுவுக்கு லாரிக் காலத்துப் பழக்கம். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அவன் பிக்கப்பைத்தான் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான், சக்கரத்தை உதைத்தான், பின்பக்கத்தில் ஏறிக் குதித்தான்.

"அண்ணே, வீடு எவ்ளோ பெருசு வேணும்னு அப்புறம் பேசலாம். உங்க வண்டி எவ்ளோ தாங்கும்னு மொதல்ல பாக்கணும். இழுக்குறது பெரிய விஷயமே இல்ல, கழுதை கூட இழுக்கும். பிரேக் போட்டா பின்னாடி வர்ற வீடு நிக்கணும். அதான் விஷயம்."

செண்பகம் கேட்ட நீளத்தில் கால்வாசியை அவன் வெட்டிவிட்டான். கல் பலகைக்குப் பதில் தகரம், மரக் கட்டிலுக்குப் பதில் கயிற்றுக் கட்டில் என்று ஒவ்வொன்றாகக் குறைத்தான். அவளும் கறிவேப்பிலைக்குப் பேரம் பேசுவதுபோல் அவனிடம் மல்லுக்கட்டினாள். கடை கிரைண்டரை மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. மூன்று ஆள் சேர்ந்து தூக்குகிற பெரிய கல் கிரைண்டர். இடித்த வீட்டிலிருந்து அவள் முதலில் வெளியே எடுத்த சாமான் அது.

"சரி, இருக்கட்டும்" என்றான் அடைக்கலராஜ். "ஆனா சக்கரத்துக்கு முன்னாடிதான் இருக்கணும். கனமான சாமான் எல்லாம் முன்னாடி, லேசானது பின்னாடி. வண்டியில மாட்டுற கொக்கி மேல எப்பவும் ஒரு ஆளு உக்காந்த கனம் இருந்துக்கினே இருக்கணும். இல்லன்னா வண்டி வால ஆட்டும்."

வேலை முடிகிற சமயம், ஒரு ஆள் கனத்துக்குப் பிக்கப்பின் பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. "அண்ணி, கோச்சுக்காதீங்க, வந்து இந்தக் கொக்கி மேல உக்காருங்க" என்றான். செண்பகம் வெட்கத்தில் சிவந்து, சேலையை இடுக்கிக்கொண்டு, பிக்கப்பின் கொக்கிச் சட்டத்தில் உட்கார்ந்தாள். அடைக்கலராஜ் அளந்தான். "போதும். நம்ம கணக்கு அண்ணிதான். கொக்கியில அண்ணி கனம் இருந்தா வண்டி கோடு போட்ட மாதிரி வரும்." பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். வீடு போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் துரைக்கண்ணு பார்த்தார்.

வீட்டை இழுத்துக்கொண்டு வந்து, விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் களத்தில் நிறுத்தினார்கள். திண்டிவனம் பார்த்த முகமாக, அதாவது வடக்கே பார்த்து நின்றது. இது வண்டியா, வீடா, கடையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. பால் காய்ச்சும் முன்னால் செண்பகம் ஒரு காரியம் செய்தாள். வாஸ்து பார்க்கத் தெய்வசிகாமணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தெய்வசிகாமணி நல்ல மனிதர். பொய் சொல்லி ஏமாற்றுகிறவர் இல்லை. சக்கரத்தைப் பார்த்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது.

"இன்னாம்மா இது, ஓடுற வீட்டுக்கு மூலை ஏது? நிக்கிறப்போ பாத்துக்கினா போதும்" என்றார். பிறகு செண்பகத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஏறினார். "இப்ப நிக்கிற நிலைக்குச் சொல்றேன். முன்னாடி வலது பக்கம் வடகிழக்கு, ஈசானியம். அங்க பாரமே கூடாது. கிரைண்டரை அங்கதான் வச்சிருக்கீங்க. பின்னாடி இடது பக்கம் கன்னி மூலை, அது காலியா கெடக்குது. அடுப்பும் பின்னாடி வலது மூலைக்குப் போகணும்."

செண்பகம் துரைக்கண்ணுவைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவருக்குப் பாரத்தைப் பின்னால் வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். அடைக்கலராஜ் சொன்னதும் காதிலேயே இருந்தது. வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு தடவை அதே வாயால்தானே 'வாஸ்துவையா மொண்டு குடிப்ப' என்று கேட்டார். மறுபடியும் கன்னி மூலை விஷயத்தில் அவளுக்கு எதிராக நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. "ஆளைக் கூப்பிடு, மாத்திடலாம்" என்றார்.

கிரைண்டர் பின்னால் போயிற்று. தண்ணீர் டிரம்மும் அரிசி மூட்டையும் அதன் பக்கத்தில். அடுப்பும் சிலிண்டர்களும் எதிர் மூலையில். முன்னால் ஈசானியத்தில் ஒரு சாமி படம், ஒரு விளக்கு. செண்பகம் அன்றைக்குப் படுத்ததும் தூங்கிப்போனாள். குறட்டைகூட விட்டாள். துரைக்கண்ணு அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தார். தப்புச் செய்துவிட்டோம் என்கிற எண்ணமே அப்போது இல்லை.

மறுநாள் பிக்கப்பில் மாட்டும்போது ஒரு அதிசயம். பட்டறையில் இரண்டு பேர் முக்கித் தூக்கிய டிரெய்லரின் மூக்கை அவர் இப்போது ஒரே கையால் தூக்கிக் கொக்கியில் வைத்தார்.

"பாத்தீங்களா?" என்று செண்பகம் கண்ணை விரித்தாள். "மூலை சரியானதும் வண்டியே லேசாயிடுச்சி!"

அவள் கனம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கனமும் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும் சிரித்து மழுப்பினார். வெறும் பாரத்தை மாற்றச் சொல்கிற விஷயமாக இருந்தால் சொல்லியிருப்பார். இது அவளுடைய தூக்கத்தையே கேட்கிற விஷயமாகப் பட்டது.

கடை நன்றாக ஓடியது. சந்தை கூடும் ஊர்களுக்கும் திருவிழாக்களுக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கே போனாலும் வடக்கே பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கன்னி மூலை மாறிப்போகும். எவ்வளவு இடைஞ்சலான இடமானாலும் முன்னும் பின்னும் எடுத்து எப்படியாவது மூக்கை வடக்கே திருப்பிவிடுவார். சனங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சாலையில் பஸ் கடந்து போனால் டிரெய்லர் வாலை ஆட்டும், அது பிக்கப்பின் ஸ்டியரிங் வரைக்கும் தெரியும். அதனால் மாட்டு வண்டி வேகத்துக்கு மேல் அவர் போவதே இல்லை. "இன்னாங்க, லாரி ஓட்டுன ஆளா நீங்க?" என்று அவள் கேலி பண்ணுவாள். பண்ணட்டும் என்று விட்டுவிடுவார். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்பது அவர் தன்னோடு செய்துகொண்ட ஒப்பந்தம்.

அடுத்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பெருமுக்கல் போக முடிவு பண்ணினார்கள். மலைக்கோயிலுக்குக் கூட்டம் ஏறுவதற்குள் அடிவாரத்தில் இடம் பிடிக்க வேண்டும். கிளம்புவதற்கே நேரமாகிவிட்டது. அன்றைக்கு மாவு கொஞ்சம் அதிகமாகவே பொங்கி, குண்டான் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க முன்னாடி போங்க. நான் உள்ள உக்காந்து குண்டானைப் பிடிச்சிக்கினு வர்றேன். ஊத்திக்கிச்சின்னா இன்னைக்கு யாவாரமே போச்சி."

"வேணாம் செம்பா. முன்னாடி வந்து உக்காரு. கொட்டுனா கொட்டட்டும்."

"கொட்டுனா நீங்களா ஆட்டித் தருவீங்க? ஜல்தி எடுங்க வண்டிய."

அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கிரைண்டர் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, குண்டானை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவள் கனமும் பின்னால் சேர்ந்தது.

திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு மேம்பாலம் இருக்கிறது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில் வண்டி தானாக வேகம் எடுத்தது. அதே நேரம் ஒரு பஸ் ஒட்டினாற்போல் உரசிக்கொண்டு கடந்தது. டிரெய்லர் வாலை ஒரு தடவை இடது பக்கம் ஆட்டியது, அப்புறம் வலது பக்கம், அப்புறம் அதைவிடப் பெரிதாக இடது பக்கம். துரைக்கண்ணு பிரேக்கை மிதித்தார். மிதித்திருக்கக் கூடாது. பின்னால் வந்த வீடு பிக்கப்பின் முதுகைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டும் சேர்ந்து சுற்றி, கொக்கி பிய்த்துக்கொண்டு, வீடு பள்ளத்தில் சாய்ந்தது.

அவருக்கு நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான். ஓடிப் போய்க் கதவை இழுத்தார். கிரைண்டர் அவள் பக்கமாகவே சரிந்திருந்தது. மாவு எல்லா இடத்திலும் கொட்டிக்கிடந்தது. அவள் தலைமுடி எல்லாம் மாவு. உயிர் அப்போதே போயிருந்தது; ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான்.

சாவு வீட்டில் அவரவருக்குத் தெரிந்ததைப் பேசினார்கள். "மூலை எல்லாம் சரியா இருந்ததாலதான் இவராச்சும் தப்பிச்சாரு" என்று செண்பகத்தின் அக்கா முனியம்மாள் சொன்னாள். அதைக் கேட்டு எத்தனை பேர் தலையாட்டினார்கள் தெரியுமா? துரைக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடைக்கலராஜ் மட்டும் பள்ளத்தில் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணே, கிரைண்டரை யாரு பின்னாடி வச்சது?"

"நான்தான்."

"நான் அவ்ளோ சொன்னேனே. தெரியாத ஆளா நீங்க?"

"நான்தான் வச்சேன்" என்றார் மறுபடியும். அவள் பெயரை அவர் எடுக்கவில்லை. போலீஸிலும் எடுக்கவில்லை, கோர்ட்டிலும் எடுக்கவில்லை. அது பொய்யும் இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் சொல்லாமல் விட்டால், வைத்தது அவர்தான்.

மகள் விழுப்புரத்துக்குக் கூப்பிட்டாள். போகவில்லை. அடைக்கலராஜ் வண்டியைத் தூக்கி வந்து பட்டறைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தி, நசுங்கியதைத் தட்டி நிமிர்த்தினான். கிரைண்டரை அவன் விருப்பப்படி முன்னால், கொக்கிக்குப் பக்கத்தில் வலது மூலையில் வைத்து, தரையோடு போல்ட் போட்டு முறுக்கினான். "இனிமே எவனும் நகத்த முடியாது" என்றான். யாரிடம் கோபித்துக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.

துரைக்கண்ணு அதிலேயே குடியிருந்தார். பிக்கப்பை விற்றுவிட்டார். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக் காலத்தைத் தள்ளினார். கிரைண்டரை அவர் ஓட்டுவதில்லை, துடைத்து மட்டும் வைப்பார். ஒரு விஷயம்தான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. வீடு இப்போதும் வடக்கே பார்த்துத்தான் நின்றது. பாரமே கூடாது என்ற ஈசானியத்தில் கிரைண்டர் நிற்கிறது. கன்னி மூலை காலியாகக் கிடக்கிறது. அவள் இருந்தால் இதில் ஒரு நாள்கூடத் தூங்கமாட்டாளே என்று நினைப்பார். அவருக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அவள் போன பிறகாவது ஒரு மூலையை அவளுக்குப் பிடித்தபடி வைத்துக்கொடுக்க முடியவில்லையே என்ற துக்கம் இருந்தது.

சில வருஷம் கழித்து அந்தக் காலி இடத்துக்காரர் இடத்தைக் கேட்டார். அடைக்கலராஜ் ஊருக்கு வெளியே, தன் மச்சான் கொல்லையில் ஓர் ஓரத்தைப் பேசி முடித்தான். தன் பிக்கப்பையே கொண்டு வந்தான். டிரெய்லரின் மூக்கை இரண்டு பேரும் தூக்கினார்கள். நல்ல கனம். துரைக்கண்ணு அதைக் கொக்கியில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இன்னாண்ணே, முடியலயா?"

"ஒண்ணும் இல்ல. அவ கனம்" என்றார். அடைக்கலராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி கோடு போட்ட மாதிரி வந்தது. பஸ் போனது, லாரி போனது, ஒரு ஆட்டம் இல்லை. துரைக்கண்ணு அடைக்கலராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் வருகிற வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கொல்லைக்கு வடக்குப் பக்கமாக மட்டும்தான் வழி. நேரே உள்ளே போய், வரப்போரமாக நிறுத்திக் கழற்றிவிட்டு அடைக்கலராஜ் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் துரைக்கண்ணு எழுந்தபோது வெயில் தப்பான பக்கத்திலிருந்து வந்தது. இத்தனை வருஷமும் வலது ஜன்னலில் அடித்த வெயில் இன்றைக்கு இடது ஜன்னலில் அடித்தது. கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு புரிந்தது. வீடு தெற்கே பார்த்து நிற்கிறது. எழுந்து வெளியே போய்ச் சூரியனைப் பார்த்தார். திரும்ப உள்ளே வந்து ஒவ்வொரு மூலையாக விரலை நீட்டி எண்ணினார். வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு. விரல் கிரைண்டரில் வந்து நின்றது.

கன்னி மூலை.

யாரும் நகர்த்தவில்லை. கிரைண்டர் கொக்கிக்குப் பக்கத்தில், அடைக்கலராஜ் போல்ட் போட்ட இடத்திலேயே, சக்கரத்துக்கு முன்னாடிதான் நிற்கிறது. செண்பகம் கேட்ட மூலையிலும் நிற்கிறது. ஓடுகிற வீட்டுக்கு மூலை ஏது, நிற்கும்போது பார்த்தால் போதும் என்று தெய்வசிகாமணி சொன்னாரே. சொல்லும்போது மூன்று பேருமே அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். போகிற ஊரிலெல்லாம் மூக்கை வடக்கே திருப்ப அவர் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் தெற்கே திருப்பியிருக்கலாம். வாயைத் திறந்து, 'பின்னாடி பாரம் கூடாது செம்பா, வேற ஏதாச்சும் வழி இருக்கான்னு பாப்போம்' என்று ஒரே ஒரு தடவை அவர் சொல்லியிருந்தால், அந்த வழியை அவளே சொல்லியிருப்பாள். அவள் கெட்டிக்காரி.

துரைக்கண்ணு கிரைண்டரின் கல்லைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சாவு வீட்டில் வராத அழுகை அப்போது வந்தது.

"திருப்பி நிறுத்தியிருந்தா போதும்டி" என்றார். "செம்பா, வண்டியத் திருப்பி நிறுத்தியிருந்தா போதும்டி."